கணினி விளையாட்டில் முதியோரும் கிளைப்பணியும்

கதிர்காம யாத்திரை செல்லும் அடியார் பலர் செல்லக்கதிர்காமத்துக்குஞ் சென்று, மாணிக்க கங்கைக் கரையிலுள்ள பிள்ளையாரை வணங்கித் திரும்புவர். வள்ளியம்மை திருமணத்தின்பொருட்டுப் பிள்ளையார் யானையாகத் தோன்றியது அவ்விடத்திலே என்பது அங்கு வழங்கும் ஐதிகம். ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள் இக்கதையை அறியாதவரல்லர். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் இதனை விரித்துப் பாடியுள்ளார். முருகன் வேடனாக வந்தான்; வேங்கை மரமாக நின்றான்; ஈற்றில் நரைத்து மூத்த கிழவனாக வந்தான். கிழவன் பசிக்கிறது என்றான்; வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தாள். தாகம் என்றான், மலைகளுக்கு அப்பாலுள்ள சுனைக்கு அழைத்துச் சென்று நீர் கொடுத்தாள். அதன் பின்னரே யானை வந்தது, கதையும் திரும்பியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். வள்ளிக்கு இடப்பட்ட கடமை தினைப்புனங் காப்பதாகும். கிழவனுக்கு மாவு கொடுப்பது அக்கடமையில் அடங்கியதன்று. அவள் கொடாது இருந்திருந்தாலும் புனம் காவற்பட்டிருக்கும்; கிளிகள் ஓட்டப்பட்டிருக்கும்; மாலையில் அவள் வீடு திரும்பியிருப்பாள். யாரும் அவளைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். செய்தாலும் செய்யலாம், செய்யாதொழிந்தாலும் ஒழியலாம் என்ற அந்தச் சிறு செயலை முதியவர் ஒருவர் கேட்க, இளையவள் ஒருத்தி செய்கிறாள். இக்காலப் பேரப்பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசியிலும் கணினியிலும் ஆடும் ஒருவகை விளையாட்டில் இதே அமைப்பு நூற்றுக்கணக்கான வடிவங்களில் வருகிறது என்று சொன்னால், வானொலி கேட்கும் பாட்டன் பாட்டியருட் சிலர் நம்பமாட்டார்கள்.

அவ்விளையாட்டைப் பாத்திரமேற்றாடும் விளையாட்டு எனலாம். ஆடுவோன் வீரனாகவோ, வேட்டுவனாகவோ, மந்திரவாதியாகவோ ஒரு வேடம் பூணுகிறான். அவனுக்குக் காடும் மலையும் ஊரும் சந்தையும் கொண்ட ஓர் உலகம் திரையில் விரிகிறது. கூத்தாடும் ஒருவன் அர்ச்சுனனாக வேடங்கட்டினால், அர்ச்சுனன் செய்ததையே செய்யவேண்டும். இங்கோ வேடங்கட்டியவன் எந்த வழியாற் போவது, யாரோடு பேசுவது, யாருக்கு உதவுவது என்பதைத் தானே தெரிந்துகொள்கிறான். இவ்வகை விளையாட்டுக்குக் கணினியே வேண்டியதில்லை. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இதனை வெளியிட்டபோது, தாளும் பென்சிலும் தாயக்கட்டையுமே கருவிகளாயிருந்தன. மேசையின் தலைப்பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கதை சொல்வார். மற்றையோர் அக்கதைக்குள் நடப்பர். பின்னர் கதைசொல்லியின் இடத்தைக் கணினி பிடித்தது. 1986 இல் யப்பானிலே யூஜி ஹொரி என்பவர் ஆக்கிய 'டிராகன் குவெஸ்ட்' இவ்வகையை அந்நாட்டிலே வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

இவ்விளையாட்டில் ஒரு தலைமைப்பணி உண்டு. அரக்கனை வெல்லுதல், இளவரசியை மீட்டல், உலகத்தை அழிவிலிருந்து காத்தல் என்பன போன்ற பெருங் காரியம் அது. அதனை முடித்தால் விளையாட்டு முடிந்தது. அதைச் சூழ்ந்து கிளைப்பணிகள் பல உள. பாரதத்திற் கிளைக்கதைகள் இருப்பதுபோலவே இவையும். வனவாசத்திலிருக்கும் தருமனுக்கு நளன் கதை சொல்லப்படுகிறது. அக்கதையை நீக்கினாலும் பாரதப்போர் நடக்கும். ஆயினும் நளன் கதையை நீக்கிய பாரதத்தை யார் விரும்புவர்? தெருவோரத்தில் நிற்கும் ஒருவரின் தலைக்குமேல் வியப்புக்குறியொன்று ஒளிரும். அவரை அணுகினால், தம் ஆடு காணாமற் போயிற்று என்றோ, மகனுக்குக் கடிதம் கொண்டுபோக ஆளில்லை என்றோ சொல்வார். ஆடுவோன் ஒப்புக்கொண்டால் அது அவனுடைய குறிப்பேட்டிற் பதிவாகும்; மறுத்தாலும் தண்டனையில்லை. முடித்துக் கொடுத்தால் சிறிது பணமோ, ஒரு மருந்துக்குப்பியோ, அனுபவப் புள்ளிகளோ கிடைக்கும்.

இவ்வாறு கிளைப்பணி கேட்போருள் முதியோர் தொகை பெரிது. காரணம் ஆராய்தற்குரியது. வாளெடுத்துப் போர்புரியும் உலகத்திலே முதியவர்தாம் வாளெடுக்க இயலாதவர். ஆதலின் பிறரைக் கேட்பது அவருக்குப் பொருந்தும். அன்றியும், விளையாட்டின் உலகம் நேற்றுத்தான் ஒரு நிறுவனத்தின் மேசையில் வரையப்பட்டது. அதற்கு இறந்தகாலம் என்று ஒன்றில்லை. நரைத்த தலையொன்றை ஒரு திண்ணையில் இருத்தி, "அந்தப் பாலம் உடைந்த வருடம்" என்று பேசத் தொடங்கச் செய்தால், அந்தக் கணமே அவ்வுலகத்துக்கு ஐம்பது வருட வரலாறு உண்டாகிவிடுகிறது. ஆக்கியோருக்கு இது செலவு குறைந்த உபாயமுங்கூட. பெரும்போர் ஒன்றைத் திரையிற் காட்டுவதற்குப் பலர் பல மாதம் உழைக்கவேண்டும். பாட்டி ஒருத்தி அப்போரை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்கு நாலு வாக்கியம் போதும். சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டவை சில வேளைகளிற் கலையாகிவிடுகின்றன.

முதன் முதலிற் பெயர்பெற்ற கிழவர் 1986 இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'செல்டா' விளையாட்டில் வருகிறார். இலக்கணப்படி அது பாத்திரமேற்றாடும் விளையாட்டா என்பதில் வழக்கு உண்டு. அதன் கிளையினத்தது என்று கொள்வதிற் குற்றமில்லை. தொடக்கத்திலேயே ஒரு குகை. உள்ளே ஒரு முதியவர். தனியே போவது ஆபத்து என்று சொல்லி ஒரு மரவாளைத் தருகிறார். அவ்வளவே. குகைக்குள் நுழையாமல், வெறுங்கையுடன் நடந்து செல்லவும் இயலும். பல சிறுவர் அவ்வாறு சென்று சில விநாடிகளில் மடிந்தும் போயினர். அதனை ஆக்கியோருள் ஒருவராகிய சிகேரு மியமொட்டோ, கியோட்டோவை அடுத்த சொனோபே என்னும் சிற்றூரிலே தம் இளமைக் காலத்தில் மலைகளிலும் குகைகளிலும் அலைந்த அனுபவமே இதற்கு வித்து என்று கூறியிருக்கிறார்.

முப்பத்தொரு ஆண்டுகளின் பின், 2017 இல், அதே வரிசையில் வந்த விளையாட்டிலும் தொடக்கத்தில் ஒரு கிழவர் நிற்கிறார். அவருடைய குடிசையில் ஒரு நாட்குறிப்பு கிடக்கிறது. தாம் முன்னர் உண்டு மகிழ்ந்த ஒரு காரமான பொரியலைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். இறைச்சியும் மிளகாயும் சேர்ந்தன என்பது நினைவிருக்கிறது. மூன்றாவதாகச் சேர்ந்தது யாது என்பது மறந்துவிட்டது. அது ஒரு மீன். ஆடுவோன் அதனை ஊகித்து, பிடித்து, சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், குளிர்மலை ஏறுவதற்கு வேண்டிய கணப்புச் சட்டையொன்றைக் கிழவர் பரிசளிக்கிறார். செய்யாவிட்டாலும் மலையேற வேறு வழிகள் உள. பின்னரே தெரியவருகிறது, அந்தக் கிழவர் நூறாண்டுகளுக்கு முன் மாண்ட அந்நாட்டு அரசனின் ஆவி என்பது. தினைமாவு கேட்ட கிழவனை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. உணவு கேட்டு வரும் முதியவர் யாராகவும் இருக்கலாம் என்பது கீழைநாடுகளின் பழைய நம்பிக்கை.

மறந்துபோன சமையற்பொருள் என்னும் இக்கருத்தைத் தமிழர் ஒருவரே பிறிதொரு விளையாட்டின் நடுப்பொருளாக்கினார். கனடாவின் தொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 இல் வெளியிட்ட 'வெண்பா' அது. இதில் போரில்லை, அரக்கரில்லை. தமிழ்நாட்டிலிருந்து 1988 இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், தன் தாய் எழுதித் தந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிறவுஞ் செய்கிறாள். குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. எழுதாத சொல்லை ஆடுவோன் ஊகிக்கவேண்டும். இட்லித்தட்டுக்களை எப்படி அடுக்கினால் ஆவி தடையின்றி ஏறும் என்பது முதலிற் சந்திக்கும் புதிர். முதியவள் திரையிற் பெரிதும் வருவதில்லை. அவளுடைய கையெழுத்தே பாத்திரமாக நிற்கிறது. தமிழ் எழுத்தும் தமிழ்ப் பாட்டும் பொருந்திய இவ்விளையாட்டை வேற்று மொழியாளரும் ஆடி, மோர்க்குழம்புக்கும் ரசத்துக்கும் வேற்றுமை யாதென்று விசாரிக்கத் தொடங்கியது ஒரு நல்ல விளைவு.

இனி, முதியோர் கிளைப்பணிகளுள் மிகச் சிறந்தது எனத் தக்க ஒன்றைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மஜோராவின் முகமூடி' என்பது அதே செல்டா வரிசையில் வந்தது. ஒரு நகரம். அதன்மேல் நிலவு விழப்போகிறது. மூன்று நாள் மட்டுமே தவணை. மூன்றாம் நாள் இரவு முடியுமுன் வீரன் ஒரு பண்ணை இசைத்தால், காலம் திரும்பி முதல் நாட் காலைக்குச் சென்றுவிடும். மறுபடியும் மூன்று நாள். நகரத்து மக்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவர். வீரன் மட்டும் நினைவோடிருப்பான்.

அந்நகரத்து விடுதியொன்றில் ஒரு பாட்டி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பேத்தி அஞ்சு உணவு கொண்டுவந்து தருகிறாள். (அஞ்சு என்னும் பெயர் தமிழ்ப் பெயர்போல் ஒலிப்பது தற்செயலே.) பாட்டியோ, தான் முன்னமே உண்டுவிட்டதாகச் சொல்கிறாள்; பேத்தியை அவளுடைய தகப்பன் பெயரிட்டு அழைக்கிறாள். பாட்டிக்கு நினைவு தடுமாறிவிட்டது என்று எல்லோரும் இரங்குகின்றனர். உண்மை அதுவன்று. பேத்தியின் சமையல் வாயில் வைக்க முடியாதது. அதனைச் சொல்லிப் பெண்ணின் மனத்தை நோகச் செய்வதினும், மறதி வந்தவள்போல் நடிப்பது மேல் என்று பாட்டி முடிவு செய்திருக்கிறாள். முதுமையை வெறும் தளர்ச்சி என்று காணாமல், அதற்குள் ஒளிந்திருக்கும் தந்திரத்தையும் தாட்சணியத்தையும் கண்ட கண் இது.

வீரன் அவளிடம் கதை கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும் என்பதில்லை. அவள் கதை நீளமானது. நிலவு விழப்போகும் ஊரில் மணித்தியாலங்கள் அதிலே கழிகின்றன. கொடுமை யாதெனில், கேட்டுக்கொண்டிருக்கும் வீரன் உறங்கிவிடுகிறான்! உறங்கியவனுக்குப் பரிசில்லை. உறங்காதிருக்க ஒரு முகமூடி வேண்டும். அம்முகமூடி ஒரு கடையில் மூன்றாம் நாள் இரவில் மட்டுமே விற்பனைக்கு வரும். அதுவும் ஒரு நிபந்தனையின் மேலேதான். முதல் நாள் நள்ளிரவில், வெடிமருந்துக் கடைக்காரனின் வயோதிபத் தாய் மூட்டையோடு தெருவில் வருகிறாள். கள்வனொருவன் அதைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். அவனைத் தடுத்து மூட்டையை மீட்டால்மட்டுமே, மூன்றாம் நாள் அந்தக் கடையில் அம்முகமூடி வரும். ஒரு கிழவிக்கு உதவியவனாலேதான் மற்றொரு கிழவியின் கதையை முழுதுங் கேட்க முடிகிறது. முகமூடியை வாங்கிக் காலத்தைத் திருப்பி, மறுபடியும் பாட்டியிடம் போய் அமரவேண்டும்.

அவள் சொல்லும் கதைகள் இரண்டு. ஒன்று அவ்வூர்த் திருவிழாவைப் பற்றியது. மற்றது நான்கு பூதங்களையும் அவற்றின் தோழனாயிருந்த ஒரு குறும்பனையும் பற்றியது. பூதங்கள் நாலு திசைக்குப் பிரிந்து போயின. குறும்பன் கைவிடப்பட்டதாக எண்ணிச் சினந்தான். நிலவை விழச்செய்யும் பகைவன் யார், அவன் மனம் ஏன் திரிந்தது என்பதன் வேர் இக்கதையிலேயே இருக்கிறது. தலைமைப்பணியை மட்டும் செய்து முடிப்பவன் பகைவனை வெல்கிறான். பாட்டியிடம் உறங்காதிருந்தவன், அப்பகைவனும் தனித்து விடப்பட்ட ஒரு பிள்ளை என்பதை அறிந்து வெல்கிறான். கதை முடிந்ததும் பாட்டி ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறாள். எந்த ஊர்ப் பாட்டியும் செய்வதுதான் இது.

மற்றொரு பாட்டியின் கதை இத்துணை இனிமையானதன்று. 2010 இல் அமெரிக்காவின் ஒப்சிடியன் நிறுவனம் ஆக்கிய 'போல்அவுட்: நியூ வேகஸ்' அணுப்போரின் பின்னுள்ள பாலை உலகத்தைக் காட்டுவது. அதிலே லிலி போவன் என்றொருத்தி. எழுபத்தைந்தாம் வயதிற் பிடிக்கப்பட்டு, ஆராய்ச்சியினாற் பேருருவமாக மாற்றப்பட்டவள். இப்போது வயது இருநூற்று மூன்று. மலையோர ஊரொன்றில் ஆடுமாடு மேய்க்கிறாள். ஆடுவோனைப் பேரப்பிள்ளைபோலச் செல்லமாக அழைத்து, உடுப்பு ஒழுங்காயிருக்கிறதா என்று பார்க்கிறாள். அவள் மனத்தினுள் லியோ என்றொரு குரல் குடிகொண்டுவிட்டது. அது வன்முறைக்குத் தூண்டும். மருந்து உண்டு. முழுவளவும் உண்டால் குரல் அடங்கும். ஆனால் நெடுநாள் முன் பிரிந்த பேரப்பிள்ளைகளின் நினைவும் அதனோடு அழிந்துபோகும். ஆதலால் அவள் பாதியளவே உண்கிறாள். அவள் வைத்திருக்கும் ஒலிப்பதிவில் அப்பிள்ளைகளின் குரல் இருக்கிறது. முழு மருந்தும் எடு, பாதியே போதும், அல்லது விட்டுவிடு: எதைச் சொல்வது என்பதை ஆடுவோன் தெரிந்துகொள்ளவேண்டும். இதற்குச் சரியான விடையை விளையாட்டு சொல்வதில்லை. வீட்டிலே முதியவருக்கு உறக்கமருந்து கொடுத்துக் கொடுத்து, அவர் அமைதியாயிருக்கிறாரா, இல்லாமலே போய்விட்டாரா என்று கலங்கும் குடும்பங்கள் இந்தச் சங்கடத்தை நன்கறியும். வாலிபர் விளையாட்டுத்தானே என்று தள்ளத்தக்க பொருளன்று இது.

போலந்து நாட்டவர் 2015 இல் ஆக்கிய 'விச்சர்' மூன்றாம் பாகத்தில், ஒரு கிழவி தன் பொரிக்குஞ் சட்டியை மீட்டுத்தரும்படி கேட்கிறாள். பூதங்களைக் கொல்வதற்குக் கூலி வாங்கும் வீரனிடம் சட்டி கேட்பது நகைப்புக்கிடமே. அவன் போய்ப் பார்க்கிறான்; சட்டி பளபளவென்றிருக்கிறது. அதன் கரியைச் சுரண்டி எவனோ எழுதும் மை செய்திருக்கிறான். போர்க்கால இரகசியமொன்று அந்தச் சுத்தமான சட்டியில் தெரிகிறது. கிழவிக்கோ சட்டி கிடைத்தது போதும். அதை மீட்டுக் கொடுத்த வீரனுக்கும் வயது நூறை அண்டியது என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. மருந்தின் வலியால் அவனுக்கு முதுமை தெரிவதில்லை.

இவை சிறந்தவை. பெரும்பான்மையும் இத்தகையன என்று கூறின் அது பொய்யாகும். பெரும்பாலான விளையாட்டுக்களில் முதியவர் ஒரே இடத்தில் நின்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பொம்மையே. பத்து மூலிகை பறித்து வா, ஐந்து ஓநாய் கொன்று வா என்று ஏவுவதோடு அவர் வேலை தீர்ந்தது. கிழவன் என்றால் ஞானி, கிழவி என்றால் சூனியக்காரி என்ற பழைய அச்சும் மாறவில்லை. நடுத்தரமான, வம்பு பேசும், முழங்கால் நோவுள்ள, தேநீரில் சீனி குறைந்தால் முணுமுணுக்கும் முதியவரைத் திரையிற் காண்பது அரிது. ஆடுவோன் பூணும் வேடம் முதிய வேடமாயிருப்பது அதனினும் அரிது.

சீனத்தின் சாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனம் 2020 இல் வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' இலவசமாகக் கிடைப்பது, தொலைபேசியிலும் ஓடுவது. ஆதலால் மலையகத்து இளைஞர் கைக்கும் அது எட்டுகிறது. அதில் மலைச்சரிவிலே படிப்படியாக வயல் வெட்டிய ஒரு கிராமம் வருகிறது. சிங்சே என்பது அதன் பெயர். அழகிய இடம். அங்கே பெரும்பாலும் முதியோரும் சிறு பிள்ளைகளுமே இருக்கின்றனர். நடுவயதினர் துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டனர். ஆக்கியோர் தம் நாட்டுக் கிராமங்களை மனத்திற் கொண்டனர் போலும். ஆயினும் ஹல்துமுல்லையிலிருந்து அதைப் பார்ப்பவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் பெற்றோர் போய்விட, லயத்து வாசலிலே அப்பாயியும் அம்மாயியும் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் தோட்டங்கள் அங்கு உள.

அந்த வாசலில் இருப்பவர் யார்? கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வளைந்தவர். பெரட்டுக்களத்துக்கு விடியுமுன் ஓடியவர். அவருடைய தகப்பன் அல்லது பாட்டன், துண்டு என்னும் கடன்சீட்டு இருந்த நாளைக் கண்டவன்; அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய குடும்பத்தை நாடற்றதாக்கியது. 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்ணிப் பங்கிட்டது: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இற் செய்த உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்த அக்காளும் தங்கையும் இரண்டு நாட்டவராயினர். மிச்சமிருந்த நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. இவ்வளவும் பாடநூலில் சில வரிகளே. லயத்து வாசலிலோ அது பெயர்களோடும் முகங்களோடும், எந்தப் பெட்டியில் எதைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதோடும் கிடக்கிறது.

அம்முதியோரின் வாயிலிருந்ததைத் தேடிச் சென்றோர் முன்னர் இல்லாமலில்லை. 1914 இற் பிறந்து, 1947 இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்கள் வாய்மொழியாகப் பாடிய பாடல்களைத் திரட்டினார். யாரும் அவருக்கு அப்பணியை இடவில்லை. தொழிற்சங்கமும் அரசியலும் அவருடைய தலைமைப்பணிகள். திரட்டியிராவிட்டால் அவற்றுட் பல, பாடிய கிழவியரோடே மண்ணுக்குப் போயிருக்கும்.

மண்ணுக்குப் போதல் என்பது ஹல்துமுல்லைப் பகுதியில் உவமைச் சொல்லன்று. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் முழுமையாக மூடுண்டன. அம்மலை சரியக்கூடும் என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் பிழைத்தனர். வீட்டில் இருந்தோர் பலர் பிழைக்கவில்லை. பிழைத்த பிள்ளைகளுக்குப் பின்னர் வீடு கட்டிக் கொடுக்க முடிந்தது. அவ்வீட்டின் பழங்கதையை யாரிடம் கேட்பது என்பதற்கு வழி செய்தல் எவராலும் கூடவில்லை.

விளையாட்டின் முதியவர் எத்தனை வருடமானாலும் அதே திண்ணையிற் காத்திருப்பார். ஆடுவோன் தலைமைப்பணியை முடித்து, வேறு விளையாட்டுக்குப் போய், நினைவு வந்து திரும்பினாலும், அதே வியப்புக்குறி அவர் தலைக்குமேல் ஒளிரும். மஜோராவின் நகரத்திலோ காலத்தையே திருப்பலாம். லயத்து அப்பாயியின் தலைக்குமேல் ஒரு குறியும் ஒளிர்வதில்லை. அவள் கேட்கும் பணியும் பணியென்று தோன்றுவதில்லை. "சும்மா கெட, தம்பி, அந்தப் போன வச்சிட்டு இங்க வா" என்பதே பெரும்பாலும் அதன் தொடக்கமாயிருக்கும்.

அவள் என்ன கேட்பாள் என்பது ஊகிக்கக் கடினமன்று. கண்ணுக்கு மருந்து விடுதல். ஓய்வூதியக் கடிதத்தைப் படித்துச் சொல்லுதல். குலதெய்வத்தின் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்லுதல். உடன்படிக்கைக் காலத்திற் பிரிந்தவளாயின், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய தங்கையைப் பற்றிக் கேட்பாள். அவ்வாறு போனோருட் பலர் நீலகிரியில், தமிழ்நாட்டு அரசு 1968 இல் அவர்களுக்காகவே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டனர். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் இன்றும் அக்குடும்பங்கள் இலங்கைப் பேச்சு மாறாமல் வாழ்கின்றன. முன்னாளில் ஒரு கடிதம் போய்ச் சேர்வதே அரிதாயிருந்தது. இந்நாளிலோ அப்பாயி குறைகூறும் அதே தொலைபேசி, கோத்தகிரியில் உள்ள ஒரு தோட்டத்துப் பிரிவின் பெயரையும், அங்குள்ள ஒரு கடைக்காரரின் எண்ணையும் சில நிமிடங்களிற் காட்டவல்லது. பேரன் அவளிடம் முதலிற் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை மூன்று: தங்கையின் புருசன் பெயர், இந்தியாவிலே அவர்களின் பூர்வீக ஊர், கப்பலேறிய வருடம். வருடம் நினைவில்லை என்று அவள் சொல்லக்கூடும். அப்போது, அந்த ஆண்டில் வீட்டில் யார் பிறந்தது, மலையில் எந்தக் கங்காணி இருந்தார் என்று மாற்றிக் கேட்டால் சொல்லிவிடுவாள்.